எஞ்சின் வாங்குவது வேறு, எஞ்சின் தொகுதியைத் திட்டமிடுவது வேறு

கொழும்பின் அலுவலகப் புகையிரதங்களை எந்த எஞ்சின் இழுத்தால் நமக்கென்ன என்று திருகோணமலை நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நமக்கு அதில் நிறையவே இருக்கிறது. பாணந்துறையிலிருந்தும் வெயாங்கொடையிலிருந்தும் காலையில் கோட்டைக்கு வரும் வண்டிகளும், கல்ஓயாச் சந்தியில் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாக நம் ஊருக்கு வரும் இரவுத் தபால் வண்டியும் ஒரே திணைக்களத்தின் ஒரே எஞ்சின் தொகுதியையே, அதாவது அதன் கையிலுள்ள மொத்த எஞ்சின்களையே, நம்பியிருக்கின்றன. விடிகாலையில் மருதானையில் இரண்டு எஞ்சின்கள் குறைந்தால், ஆயிரக்கணக்கான ஊழியர்களைப் பிளாட்போமில் காக்கவைக்க எந்த அதிகாரியும் துணியமாட்டார். பற்றாக்குறை பாதையின் கடைசியில் இருப்பவர்களின் தலையில்தான் விடியும்.

புதிய எஞ்சின்கள் வரப்போகின்றன என்ற செய்தி வந்தால், எத்தனை வருகின்றன, எந்த நாட்டிலிருந்து வருகின்றன என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அவை எந்த வேலைக்கு வருகின்றன, உள்ளே இருப்பது எந்த டீசல் இயந்திரம், அடுத்த கொள்வனவு எந்த ஆண்டில் வரும் என்பவற்றை யாரும் கேட்பதில்லை. இக்கேள்விகளுக்கு விடையில்லாமல் செய்யப்படும் கொள்வனவைத் திட்டம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

நமது எஞ்சின்களின் வயதைப் பாருங்கள். கனடாவிலிருந்து எம் 4 வகை எஞ்சின்கள் 14 ஐ 1975 இல் பெற்றோம் (எம் என்பது நெடும்பாதை டீசல் எஞ்சின் வகைகளுக்குத் திணைக்களம் இடும் குறியீடு). பின்னர் 1979 முதல் 1981 வரையான குறுகிய காலத்துக்குள் ஜப்பானிலிருந்து எம் 5, ஜேர்மனியிலிருந்து எம் 6, பிரித்தானியாவிலிருந்து எம் 7 என வகைக்கு 16 வீதம் 48 எஞ்சின்கள் வந்திறங்கின. அதற்குப் பிறகு 1996 இல் இந்தியாவிலிருந்து எட்டு எம் 8 எஞ்சின்கள் வரும்வரை, ஏறத்தாழ 15 ஆண்டுகள், நெடும்பாதை எஞ்சின் எதுவும் புதிதாக வாங்கப்படவில்லை. ஒரே போகத்தில் விதைத்த வயல்கள் எல்லாம் ஒரே வாரத்தில் அறுவடைக்கு வந்து நிற்பதைத் தம்பலகாமத்து விவசாயிகள் நன்கு அறிவார்கள். அந்த 48 எஞ்சின்களும் அப்படித்தான் ஒன்றாக முதுமையடைந்தன. பெரும் பழுதுபார்ப்புக்காக இரத்மலானை வேலைத்தளத்தின் வாசலில் ஒன்றாகவே காத்து நின்றன.

இன்னொரு வரலாறும் உண்டு. எஞ்சின் கொள்வனவில் ஈடுபடும் ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும் என்பேன். நீராவியிலிருந்து டீசலுக்கு மாறிய காலத்தில், 1953 இல், பிரித்தானியாவிலிருந்து 25 எம் 1 எஞ்சின்கள் வந்தன. அடுத்த ஆண்டிலிருந்து கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் எம் 2 எஞ்சின்கள் வந்தன. அல்பேர்ட்டா, ஒன்டாரியோ என்று கனடிய மாகாணங்களின் பெயர் தாங்கிய எஞ்சின்களைப் பழைய பயணிகள் மறந்திருக்கமாட்டார்கள். ஏறக்குறைய ஒரே வயதுடைய இந்த இரு வகைகளில் எம் 1 பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்டது. எம் 2 அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் உழைத்தது. எம் 2 இன் உள்ளே இருந்தது உலகம் முழுவதும் பரவியிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் 567 வரிசை இயந்திரம். அதன் வாரிசான 645 வரிசையின் பிஸ்டன், சிலிண்டர் தொகுதிகளைப் பிற்கால 567 இயந்திரங்களில் பொருத்த முடியும். ஜேர்மனியில் கட்டிய எம் 6 இலும் பிரித்தானியாவில் கட்டிய எம் 7 இலும் இருப்பது அதே 645 தான். மூன்று நாடுகளில் பிறந்திருந்தாலும் இயந்திர வகையில் அவை ஒரே குடும்பம். அதேபோல் மொன்றியலில் கட்டிய எம் 4 உம் வாரணாசியில் கட்டிய எம் 8 உம் அல்கோ 251 என்ற இன்னொரு குடும்பத்தைச் சேர்ந்தவை.

எனவே கொள்வனவுப் பத்திரத்தில் முதலில் எழுதப்பட வேண்டியது நாட்டின் பெயரன்று, இயந்திரக் குடும்பத்தின் பெயர். கடன் தரும் நாடு தன் தொழிற்சாலையில் செய்ததையே வாங்கச் சொல்லும் என்பது உண்மைதான். ஆயினும் இன்ன குடும்பத்து இயந்திரம் வேண்டும், இத்தனை ஆண்டுகளுக்கான உதிரிப்பாகங்கள் வேண்டும், நம் தொழில்நுட்பவியலாளர்களுக்கு இத்தனை மாதப் பயிற்சி வேண்டும் என்று கேட்பதற்குக் கடனாளிக்கும் உரிமை இருக்கிறது. ஒவ்வொரு புதிய வகைக்கும் தனிக் கருவிகள், தனிக் களஞ்சியம், தனி அனுபவம் தேவைப்படும். பத்து எஞ்சின்களுக்காக ஒரு புதிய குடும்பத்தையே தெமட்டகொடை எஞ்சின் கொட்டகைக்குள் கொண்டுவருவது வீண் சுமை.

எண்ணிக்கையிலும் நிதானம் வேண்டும். எழுபது எஞ்சின்கள் தேவைப்படுகின்றன, ஒன்றின் ஆயுள் 35 ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை பத்து எஞ்சின்கள் வாங்கினால் தொகுதி என்றும் சமநிலையில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இடைவயதில் ஒரு முழுமையான மறுசீரமைப்பு. அதற்கான பணம் வாங்கும் நாளிலேயே ஒதுக்கப்பட வேண்டும். இந்தச் சிறு கணக்கை ஆட்சி மாற்றங்கள் குழப்பாதபடி பாதுகாப்பதுதான் பெரிய வேலை.

அலுவலக வண்டிகளுக்கு எஞ்சினே வேண்டுமா என்பதையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று ஓரிரு கிலோமீற்றருக்கு ஒருமுறை நின்று கிளம்பும் வண்டிக்கு 2,800 குதிரை வலுக்கொண்ட நெடும்பாதை எஞ்சினைப் பூட்டுவது அலுவலக ஓட்டம், நெடுந்தூர ஓட்டம் இரண்டையும் கெடுக்கும். தனி எஞ்சின் பூட்டாமல் தானே ஓடும், இரு முனைகளிலும் சாரதி அறையுள்ள பவர் செட், கடைசி நிலையத்தில் அப்படியே திரும்பிவிடும். எஞ்சின் வண்டிக்கு என்ன நடக்கிறது என்பதை நம் நிலையத்தில் காலையில் நின்று பாருங்கள். பாதை அத்துடன் முடிவதால் ஒருவர் பெட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையில் இறங்கிக் குனிந்து, வக்கூம் பிரேக் குழாயைக் கழற்றி, இணைப்பின் திருகைத் தளர்த்தி எடுக்கிறார். எஞ்சின் பக்கத்துப் பாதையால் சுற்றிவந்து மறுமுனையில் பூட்டப்படுகிறது. ஒரு நாளில் சில வண்டிகளே வரும் திருகோணமலைக்கு அது பொருட்டல்ல. நிமிடக் கணக்கில் வண்டிகள் வந்துபோகும் கோட்டைப் பகுதியில் அந்த நேரமும் பாதையும் மிகப் பெரிய இழப்பு. பாணந்துறை – வெயாங்கொடைப் பாதையை மின்மயமாக்கும் யோசனை பல காலமாகப் பேசப்படுகிறது. அதைப் பேசிக்கொண்டே அதே பாதைக்கு டீசல் எஞ்சின் வாங்குவது என்றால், விடுபடும் எஞ்சின்கள் எங்கே போகும் என்பதையும் இன்றே எழுதிவைக்க வேண்டும்.

அவை கிழக்குக்கு வர வேண்டும் என்பது என் கோரிக்கை. ஆனால் நகரத்தில் தேய்ந்து முடிந்த பிறகு நம் பக்கம் தள்ளப்படுவதை நான் கேட்கவில்லை. சீனன்குடா மா ஆலையின் சரக்கை இழுக்கவும், காட்டு வழியே இரவில் நெடுந்தூரம் ஓடவும் நல்ல எஞ்சின் தேவை. அலுவலக வண்டி பழுதானால் பின்னால் இன்னொன்று வரும். கல்ஓயாவுக்கும் கந்தளாய்க்கும் நடுவில் ஒற்றைப் பாதையில் நம் வண்டி நின்றுவிட்டால் உதவி எஞ்சின் வரும்வரை முழுப் பாதையும் மூடப்படுகிறது.

அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் போக்குவரத்து அமைச்சின் ஒதுக்கீடு வரும்போது, நம் மாவட்ட உறுப்பினர்கள் கட்சி பாராது மூன்று விபரங்களைச் சபையில் வைக்கும்படி கேட்க வேண்டும்: வகைவாரியாக ஒவ்வொரு எஞ்சினின் வயது, தினமும் காலை ஐந்து மணிக்கு ஓடத் தயாராக இருக்கும் எஞ்சின்களின் எண்ணிக்கை, அவற்றில் கிழக்குப் பாதைகளுக்கு ஒதுக்கப்பட்டவை. எத்தனை வாங்கினோம் என்ற கணக்கை அதற்குப் பிறகு கேட்கலாம்.