மாமா போனில் ஒரு நரி

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது மாமா தன் போனை என் கையில் திணித்தார். "வைரஸ் வந்துருச்சுப்பா. ஒரு நாளைக்கு இருபது தடவை கத்துது." பார்த்தால் வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு செய்தித் தளம் "அறிவிப்புகள் அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறது, இவரும் பெரிய மனதோடு சம்மதித்திருக்கிறார். அந்த வழியாகத்தான் "உங்கள் போன் ஆபத்தில் இருக்கிறது" என்று மணிக்கொரு விளம்பரம். அனுமதியை எடுத்துவிட்டேன், சத்தம் நின்றது.

"எந்த பிரவுசர் மாமா வச்சிருக்கீங்க?"

"பிரவுசரா? நான் கூகுள்லதான் போவேன்."

முக்கால்வாசிப் பேரிடம் கேட்டால் இதே பதில்தான் வரும். ஆண்ட்ராய்டு போனில் குரோம், ஐபோனில் சபாரி, விண்டோஸில் எட்ஜ். வாடகை வீட்டோடு வந்த ஃபேன் மாதிரி, இருப்பதை ஓட்டிக்கொள்கிறோம்.

குரோமை முதலில் பாராட்டிவிடுகிறேன். 2008-இல் அது வருவதற்கு முன், ஒரு பக்கம் மக்கர் செய்தால் மொத்த உலாவியும் படுத்துவிடும். ஒவ்வொரு டேபையும் தனித்தனியாக ஓடவிட்டு அந்தத் தலைவலியை ஒழித்தது குரோம்தான். வேகமும் உண்டு, சத்தமில்லாமல் தானே அப்டேட்டும் ஆகிக்கொள்ளும். இன்று யார் தளம் கட்டினாலும் முதலில் குரோமில்தான் திறந்து பார்க்கிறார்கள். அந்தத் தனித்தனி ஏற்பாடு ரேமைத் தின்னும் என்பது வேறு விஷயம். 4 ஜிபி லேப்டாப்பில் முப்பது டேபைத் திறந்து வைத்துக்கொண்டு அதைத் திட்டுவது நியாயமில்லை, ஆனாலும் திட்டத்தான் செய்வோம்.

என் சண்டை விளம்பரம் பற்றியது. கூகுளுக்குச் சோறு போடுவதே விளம்பரம்தான். எக்ஸ்டென்ஷன்களுக்கான, அதாவது பிரவுசரில் நாம் ஒட்டவைக்கும் குட்டி நிரல்களுக்கான, விதிகளை "மேனிபெஸ்ட் வி3" என்ற பெயரில் மாற்றினார்கள், பாதுகாப்புக்காக என்றார்கள். அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய முறையில் ஒரு எக்ஸ்டென்ஷன் நினைத்தால் நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் எட்டிப்பார்க்கலாம். ஆனால் அந்த மாற்றத்தில் அடிவாங்கியது யார்? விளம்பரத் தடுப்பான்களில் பெரிய கை, யூபிளாக் ஆரிஜின். 2024-25-இல் குரோமிலிருந்து அதற்கு விடை கொடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே கிடைப்பது வலு குறைந்த லைட் பதிப்பு. மூன்றாம் தரப்புக் குக்கீகளை (நீங்கள் தளம் தளமாகப் போவதை வெளியாட்கள் பின்தொடர உதவும் சின்னச் சின்னக் குறிப்புகள்) ஒழித்துவிடுவோம் என்று 2020-இல் சொல்லி, 2024-இல் அந்தத் திட்டத்தையும் கைவிட்டார்கள். சபாரி அதே 2020-இலேயே அவற்றை மொத்தமாக மூடிவிட்டது.

குரோம் பிடிக்கவில்லையா, எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி என்று எத்தனை இருக்கிறது என்பார்கள். எல்லாமே குரோமுக்கும் அடித்தளமான, கூகுள் எல்லோருக்கும் திறந்துவிட்ட குரோமியம் நிரலின் மேல் கட்டியவை. ஒரே மாவில் தோசை, ஊத்தப்பம், பணியாரம். ருசி மாறும், மறுக்கவில்லை. எட்ஜில் எனக்குப் பிடித்தது, கட்டுரையைத் தமிழில் வாசித்துக் காட்டும் வசதி. குரல்களுக்கு வள்ளுவர், பல்லவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சமைத்துக்கொண்டே கேட்கலாம். ஆனால் பிங்கில் தேடு, இந்தச் செய்தியைப் படி என்று விடாமல் நச்சரிக்கும். பிரேவ் விளம்பரத்தைத் தானே தடுக்கும், கூடவே கிரிப்டோ கடையும் விரித்து வைத்திருக்கும்.

ஓபரா என்றால் மட்டும் எனக்குக் கொஞ்சம் மனசு இளகும். நோக்கியா காலத்தில் தமிழ்ப் பக்கம் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஓபரா மினியின் முகவரிப் பட்டையில் "ஓபரா:கான்பிக்" என்று ஆங்கிலத்தில் அடித்து, பிட்மேப் எழுத்துரு என்ற வரியைத் தேடி "யெஸ்" கொடுத்தால், அத்தனை கட்டமும் தமிழாகிவிடும். எழுத்தை அவர்கள் சர்வரே படமாக்கி அனுப்பியது. அப்போது ஓபராவுக்குச் சொந்த எஞ்சின், அதாவது தளத்தின் நிரலைப் பக்கமாக வரைந்து காட்டும் உள்பகுதி, இருந்தது. 2013-இல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓபராவும் குரோமியம் பக்கம் சாய்ந்தது.

ஆக, ஆழ்ந்து பார்த்தால் பெரிதாக மிஞ்சியிருப்பது மூன்று எஞ்சின்தான். குரோம் வகையறாவின் பிளிங்க், சபாரியின் வெப்கிட், பயர்பாக்ஸின் கெக்கோ. முதல் இரண்டும் பங்காளிகள். 2013-இல்தான் பாகம் பிரிந்தது. சபாரி பேட்டரியைச் சிக்கனமாகச் செலவழிக்கும், ஆனால் ஆப்பிள் வீட்டு வாசலைத் தாண்டாது.

எஞ்சின் ஒன்றே ஒன்றாகிவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது 2001-இல். போட்டிக்கு ஆள் இல்லை. 7 வருவதற்கு 2006 ஆகிவிட்டது. நடுவில் 2004-இல் பயர்பாக்ஸ் வராமல் போயிருந்தால் இன்னும் எத்தனை வருடம் தூங்கியிருப்பார்களோ. ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த அந்தக் காலத் தமிழ்த் தளங்கள் சிலவற்றை எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே ஒழுங்காகப் படிக்க முடிந்தது நினைவிருக்கிறதா? அந்த எழுத்துருத் தொழில்நுட்பம் மைக்ரோசாப்டின் சொந்தச் சரக்கு.

அதனால்தான் என் ஓட்டு பயர்பாக்ஸுக்கு. கணினியில் ஒரே ஜன்னலில் இரண்டு மெயில் கணக்குகளை ஒட்டாமல் வைத்துக்கொள்ள அதன் கண்டெய்னர் வசதிக்கு ஈடில்லை. ஆண்ட்ராய்டு போனிலும் அதில் யூபிளாக் ஆரிஜின் போடலாம். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷனுக்கே இடமில்லை. குறையும் இருக்கிறது. சில தளங்கள் அதைக் கண்டாலே முகம் சுளிக்கும். இன்னொன்று, எனக்கே சங்கடமானது: பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளை இயல்புத் தேடுபொறியாக வைத்திருப்பதற்காகக் கூகுள் கொடுக்கும் பணம். நான் கூகுளுக்கு மாற்றாகச் சிபாரிசு செய்யும் வீட்டில் உலை கொதிப்பது கூகுள் காசில்.

மாமா போனில் நரிப் படம் போட்ட பயர்பாக்ஸையும் யூபிளாக்கையும் போட்டுக் கொடுத்தேன். வழக்கமாகப் படிக்கும் நாளிதழ்த் தளத்தைத் திறந்தார், நாலு தள்ளில் கீழே வந்துவிட்டார். "என்னப்பா, இன்னைக்கு நியூஸ் இவ்வளவுதானா?" விளம்பரம் போக மிச்சம் அவ்வளவுதான். (விளம்பரமே இல்லாவிட்டால் பத்திரிகை எப்படிப் பிழைக்கும் என்று கேட்காதீர்கள். ஒன்றுக்குச் சந்தா கட்டுகிறேன், மற்றவற்றைப் படிக்கும்போது உறுத்தத்தான் செய்கிறது.)

மூன்றாம் நாள் போன் வந்தது. "பேங்க் பக்கம், இந்த பிரவுசர் ஆகாதுன்னு சொல்லுதுப்பா." இப்போது முகப்பில் இரண்டு ஐகான்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மறக்காமலிருக்க மாமாவே பாடம் பண்ணி என்னிடம் ஒப்பித்தார்: "நரியில பேப்பர், கூகுள்ல பேங்க். சரியா?"

சரிதான் மாமா.