கடவாப்பல்லு போன இடத்த சும்மா விடாதீங்க
பல்லு போன இடத்த அப்படியே விட்டா தாடை மூட்டுக்கு கேடுன்னு ஒரு கட்டுரைல படிச்சேன், அது எனக்க அம்மைக்கு அப்படியே பொருந்துது. நாங்க தக்கலை பக்கம், அம்மைக்கு வலது பக்கம் கீழ கடவாப்பல்லு ரெண்டும் எடுத்து ஏழெட்டு வருசம் ஆச்சு, மரச்சீனியும் மீனும் எல்லாம் இடது பக்கமே போட்டு மென்னு பழகிட்டாவ, கடைசில காதுக்கு முன்னால வலி, கொட்டாவி விட்டா டக்குன்னு ஒரு சத்தம், பக்கத்துல இருக்க எனக்கே கேக்கும். காது வலின்னு நெனச்சு மூணு மாசம் சொட்டு மருந்து விட்டோம், ஒரு பிரயோசனமும் இல்ல. பெறவு பல் டாக்டர் பாத்துட்டு, காலி இடத்துக்கு பக்கத்து பல்லு சரிஞ்சிட்டு, மேல உள்ள பல்லு கீழ இறங்கிட்டு, அதனால கடி மாறி தசைக்கும் மூட்டுக்கும் பாரம் கூடிட்டுன்னு சொன்னாரு. அதுக்காக பல்லு போன எல்லாருக்கும் இது வரும்னு பயப்படாண்டாம், ராத்திரி தூக்கத்துல பல்லக் கடிக்கது, டென்ஷன், தாடைல அடிபட்டது இதெல்லாமும் காரணமா இருக்கும். ஆனா பல்லு எடுத்த அன்னைக்கே அந்த இடத்துல என்ன வைக்கணும்னு கேட்டுடுங்க, நாங்க கேக்காம விட்டது தான் தப்பு. அம்மைக்கு கொஞ்ச நாள் கஞ்சியும் வெந்நி ஒத்தடமும் தான், வலி கொறஞ்ச பெறவு பல்லு வச்சாரு. இப்போ ரெண்டு பக்கமும் மெல்லுதாவ, சத்தம் மட்டும் எப்பவாவது கேக்கும்.