லாபம் யாருக்கு என்று கேட்டது குற்றமா?

புதுமை, அதாவது புதிய கண்டுபிடிப்பும் தொழில்நுட்பமும், பற்றிய அந்தக் கலந்துரையாடல் வீடியோவை முழுசாகப் பார்த்துவிட்டேன், இனி யாரும் இன்பாக்ஸில் அனுப்ப வேண்டாம். "ஏழை நாடுகளுக்கு ஒரே மருந்து புதுமைதான், ஏற்றத்தாழ்வு என்று புலம்புகிறவர்களுக்குப் பொறாமை" என்றார் அதில் பேசிய ஒருவர். கைதட்டல் வேறு. நான் கேட்டது ஒரே வரி: லாபம் யாருக்குப் போகிறது? அதற்கு 'வளர்ச்சியின் எதிரி' பட்டம். நன்றி.

புதுமை வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? பலன் யார் கைக்குப் போகிறது என்றுதான் கேட்டேன்.

அவர் துணைக்கு அழைத்த பொருளாதார அறிஞர் பிலிப் அகியோன், 2025இல் நோபல் வாங்கியவர்தான். ஆனால் அகியோனும் சகாக்களும் அமெரிக்க மாநிலங்களை ஆராய்ந்து எழுதியதை இந்தப் பேச்சாளர் படித்தாரா? கண்டுபிடிப்புகள் பெருகும் இடத்தில் உச்சியில் இருக்கும் 1 சதவீதத்தினரின் வருமானப் பங்கும் பெருகுகிறது. கீழே இருப்பவர்கள் மேலேறும் வாய்ப்பு கூடுவதையும் அதே ஆய்வு சொல்கிறது, நான் மறைக்கவில்லை. ஆனால் அது அமெரிக்கா. வேலை போனால் கொஞ்ச நாளைக்காவது உதவித்தொகை உண்டு. உலகில் சுமார் 200 கோடிப் பேர் முறைசாரா வேலையில், அதாவது சட்டப் பாதுகாப்போ சமூகப் பாதுகாப்போ இல்லாத வேலையில், இருப்பதாக ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) 2018இல் சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் வளரும் நாடுகளில்தான். அவர்களுக்கு வேலை போனால் போனதுதான்.

என் அப்பா கம்பாசிட்டர். ஈய எழுத்துகளைத் தலைகீழாக வாசித்தே கோர்ப்பார். அச்சகத்துக்குக் கணினி வந்ததும் செலவு குறைந்தது, ஆர்டர் குவிந்தது, முதலாளி மாடி கட்டினார். அப்பாவுக்கு அதைக் கற்றுக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அதே அச்சகத்தில் காகிதம் மடித்தார், பாதிக் கூலிக்கு. "திறனை வளர்த்துக்கொள்ளாதவர்கள்" என்று வீடியோவில் சிரித்தாரே, அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது.

"கென்யாவின் எம்-பெசா தெரியாதா?" தெரியும். செல்போன் வழியே பணம் அனுப்பும் சேவை, 2007இல் வந்தது. சுமார் 1,94,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து வெளியேற அது உதவியதாக 2016இல் வந்த ஆய்வு கணித்தது. மனதார ஒப்புக்கொள்கிறேன். அது சாதாரண போனிலேயே வேலை செய்தது, தெருவுக்குத் தெரு முகவர்கள் இருந்தார்கள், வங்கிக் கணக்கு தேவைப்படவில்லை. இல்லாதவனை மனதில் வைத்துச் செய்தால் இல்லாதவனுக்குப் போய்ச் சேரும். நானும் அதைத்தானே சொல்கிறேன்?

"செல்போனில்தானே இதை எழுதுகிறாய்?" ஆமாம். அடுத்த கேள்வி?

இப்போது செயற்கை நுண்ணறிவு. அதைப் பழக்குவதற்காக அருவருப்பான வாக்கியங்களை நாள் முழுக்கப் படித்துக் குறியிட்ட கென்யத் தொழிலாளர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலி என்று 2023இல் செய்தி வந்தது. அந்தச் செயற்கை நுண்ணறிவுக் கம்பெனியின் மதிப்பு வேறு கண்டத்தில் ஏறுகிறது. இவர்களும் திறன் இல்லாதவர்களா, சார்? எதைப் பேசக் கூடாது என்று இவர்கள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துத்தானே அது நாகரிகமாகப் பேசுகிறது?

தீர்வு கேட்கிறீர்கள். ஆளைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் கம்பெனி பயிற்சிச் செலவை ஏற்கட்டும், வரியும் கட்டட்டும். கமெண்டில் கம்யூனிஸ்ட் என்று எழுதப் போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். பதில் போடமாட்டேன், காலையில் வேலைக்குப் போக வேண்டும்.