ஸ்டாஃப் ரூம் சண்டைகள் எங்கே தொடங்குகின்றன?

ஒரு பள்ளியில் ஆசிரியர்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் உடனே ஆளைக் காட்டிவிடுகிறோம். "அந்த மேடம் அப்படித்தான்", "அந்த சார் ஹெச்.எம். பக்கம்" என்று பேச்சு முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக இருந்து நான் பார்த்தவரையில், இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆள் பற்றாக்குறைதான் வேர். மேலே தீர்க்க வேண்டியதை யாரும் தீர்க்காமல் விடும்போது, அந்தச் சுமை பக்கத்து நாற்காலியில் இருப்பவர் தலையில் விழுகிறது. அவர் யார் மேல் கோபப்படுவார்? கண்ணெதிரே இருப்பவர் மேல்தான்.

மகப்பேறு விடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலையிலிருந்து தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு இது 12 மாதம். நல்ல முடிவு, நான் முழுமனதாக வரவேற்கிறேன். ஆனால் அந்த ஒரு வருடத்துக்கு அவர் இடத்தில் ஆள் வராத பள்ளிகள் நிறைய. அவருடைய கணக்கு வகுப்புகளை மற்றவர்கள் பிரித்து எடுக்க வேண்டும். பத்தாம் வகுப்பு வேறு இருந்தால் மாலை சிறப்பு வகுப்பும் சேர்ந்துகொள்ளும். சில வாரங்களில் பேச்சு ஆரம்பித்துவிடும். "அவங்க ஜாலியா வீட்டில இருக்காங்க, நாம கிடந்து சாகுறோம்." பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கும் பெண்ணைப் பற்றி, இரண்டு பிள்ளை பெற்றவர்களே இப்படிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அவர் திரும்பி வரும்போது முகம் கொடுத்துப் பேச ஆள் இருக்காது. புதிதாகக் கல்யாணமான டீச்சரிடம், "ஏதாவது பிளான் இருந்தா முன்னாடியே சொல்லிடும்மா" என்று கேட்பதும் நடக்கிறது. மாற்று ஆசிரியர் போடாதது நிர்வாகம். தண்டனை அந்தப் பெண்ணுக்கு. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அப்புறம் சம்பளம். ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்கிறவர்களுக்குள் எத்தனை அடுக்கு! 2009 மே 31-க்குள் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு (தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்) அப்போதைய அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. நிரந்தரப் பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400. 2022-ல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாகச் சேர்ந்த பட்டதாரி ஆசிரியருக்கு அறிவித்த தொகுப்பூதியம் 10,000, பிறகு அதை 15,000 ஆக்கினார்கள். அவரும் பி.எட். முடித்தவர்தான். பல பள்ளிகளில் அவர் கையெழுத்துப் போடுவது தனி நோட்டில்.

பகுதிநேர ஆசிரியர்கள் நிலை இன்னும் மோசம். 2012-ல் உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல் போன்றவற்றுக்காக 16,000-க்கும் மேற்பட்டவர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை என்பதுதான் ஏற்பாடு. மே மாதம் சம்பளம் இல்லை என்றுதான் எடுத்தார்கள். ஆனால் சப்ஸ்டிடியூஷன் நோட்டை, அதாவது லீவில் இருப்பவர் வகுப்புக்கு யார் போக வேண்டும் என்று எழுதும் நோட்டை, திறந்து பாருங்கள், யார் பெயர் அதிகம் இருக்கிறது? கணினி ஆசிரியர் என்றால் எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு முழுக்க அவர் வேலை. ஓவிய ஆசிரியர் என்றால் விழா மேடை, பேனர், கோலம் எல்லாம் அவர் பொறுப்பு. அவரால் முடியாது என்று சொல்ல முடியாது, அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் கொடுக்கிறோம். அவருடைய பீரியடைக் கேட்காமலே வாங்கிக் கணக்குப் பாடம் நடத்துகிறவர்களும் நாம்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இதையெல்லாம் கவனிக்கிறார்கள். எந்த சார் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், எந்த சார் வந்தால் தேவையில்லை என்று நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்குள்ளும் நிம்மதி இல்லை. ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து உபரி ஆசிரியர் கணக்கு எடுக்கிறார்கள். ஒரு பாடத்துக்கு இரண்டு பேர் இருந்து ஒருவர் உபரி என்று வந்துவிட்டால், பணியில் இளையவர் பெயர் பணிநிரவல் பட்டியலுக்கு, அதாவது ஆள் தேவைப்படும் வேறு பள்ளிக்கு மாற்றும் பட்டியலுக்கு, போகும். வருடக்கணக்கில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட இரண்டு அறிவியல் ஆசிரியர்கள் அந்த மாதத்தோடு பேச்சை நிறுத்திக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். இருவருமே நல்லவர்கள். சேர்க்கை குறைந்ததற்கு இருவரும் காரணம் இல்லை.

சங்கங்கள் இந்த இடைவெளியை அடைத்திருக்கலாம். ஆனால் இடைநிலைக்கு ஒன்று, பட்டதாரிக்கு ஒன்று, முதுகலைக்கு ஒன்று என்று அவையும் பிரிந்தே இருக்கின்றன. 2023 செப்டம்பர் இறுதியில் சென்னையில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் டிபிஐ வளாகத்தில் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்ட இடைநிலை ஆசிரியர்களும், பணிநிரந்தரம் கேட்ட பகுதிநேர ஆசிரியர்களும், டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்று வேலைக்குக் காத்திருப்பவர்களும் ஒரே நேரத்தில் போராடினார்கள். ஒரே வளாகம், ஆனால் தனித்தனிக் குழுக்கள். அக்டோபர் தொடக்கத்தில் போலீஸ் வந்து மூன்று தரப்பையும் அப்புறப்படுத்தியது. அந்த நாட்களில் எத்தனை ஸ்டாஃப் ரூம்களில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருப்போம்?

எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்குள்ளேயே தீர்க்க முடியாது, சரி. ஆனால் பங்கிடுவது நம் கையில்தான் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஹெச்.எம். ஐயா சப்ஸ்டிடியூஷன் நோட்டை மேசை டிராயரில் வைக்க மாட்டார். யாருக்கு இந்த மாதம் எத்தனை வகுப்பு கூடுதலாகப் போனது என்று ஸ்டாஃப் ரூம் பலகையில் எழுதச் சொல்வார். அவர் பெயரும் அதில் இருக்கும், அவரும் வகுப்புக்குப் போவார். பலகை வந்த பிறகு முணுமுணுப்பு பெரிதும் அடங்கியது. பகுதிநேர ஆசிரியரை அவருடைய அரைநாள் முடிந்த பிறகு நிறுத்திவைக்கும் வழக்கமும் நின்றது.

ஜூனில் டைம்டேபிள் போடும்போது பகுதிநேர ஆசிரியரையும் தற்காலிக ஆசிரியரையும் சேர்த்து உட்கார வைக்க வேண்டும் என்று கேட்கிறேன். மகப்பேறு விடுப்பு வருகிறது என்று தெரிந்தவுடனே மாற்று ஆள் கேட்டு நிரந்தர ஆசிரியர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும். தற்காலிக ஆசிரியருக்கு இரண்டு மாதம் தொகுப்பூதியம் வரவில்லை என்றால் அதைப் போய்க் கேட்க வேண்டியவர் அவர் இல்லை, வேலைக்கு ஆபத்து இல்லாத நாம். உங்கள் பள்ளியில் இப்போது யாருக்காவது அப்படி நிலுவை இருக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள்.