அந்தச் சுவிட்சைத் திரும்பப் போடுங்கள்

கிளிநொச்சியில் கடந்த வாரம் நடந்ததை இங்கே பலரும் அறிவீர்கள். கிளைகளிலிருந்து வரும் நெல் கொள்வனவுக் கோப்புகளைச் சேமிக்கும், பேர்ள் என்னும் நிரல்மொழியில் எழுதிய நிரல் பிழை காட்டி நின்றது. அதன் முதல் வரியில் நான் இட்டிருந்த, பாதுகாப்புச் சோதனையொன்றை இயக்கும் ‘ரி’ (-T) சுவிட்சை அகற்றிவிட்டு, பிழை தீர்ந்தது என்று குழுவில் அறிவித்திருக்கிறீர்கள். பிழை அப்படியே இருக்கிறது. அதைச் சொன்ன வாயைத்தான் அடைத்திருக்கிறீர்கள்.

டெயின்ட் முறை எனப்படும் அந்தச் சோதனை, கட்டளை வரி, சூழல் மாறிகள், படிவங்கள், கோப்புகள் என வெளியிலிருந்து வரும் தரவு அனைத்தையும் கறைபட்டதாகக் குறித்துக்கொள்ளும். அத்தரவைக் கொண்டு ஷெல் (கட்டளைகளை வாசித்து இயக்கும் நிரல்) வழியாகக் கட்டளையை இயக்கவோ, கோப்பை எழுதவோ அழிக்கவோ முயன்றால் நிரலை அங்கேயே நிறுத்திவிடும். நமது நிரல் நின்றதும் அதனால்தான். கிளை அனுப்பிய கோப்புப் பெயர் நேரே ஷெல்லுக்குப் போய்க்கொண்டிருந்தது; அந்தப் பெயரில், கட்டளைகளைப் பிரிக்கும் ஓர் அரைப்புள்ளியும் அதன்பின் ஓர் அழிப்புக் கட்டளையும் இருந்தால் ஷெல் அதையும் நிறைவேற்றியிருக்கும். திருத்தம் சில வரிகளே: கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறிக்கு நிலையான மதிப்பைக் கொடுப்பது, எழுத்தில் தொடங்கி எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் ஒரு புள்ளியும் மட்டுமே கொண்ட பெயரை ரெஜெக்ஸ் என்னும் வடிவப் பொருத்தத்தால் பிடித்தெடுப்பது (அப்படிப் பிடித்தெடுத்ததைக் கறை நீங்கியதாகச் சோதனை ஏற்கும்), கட்டளையின் வாதங்களைப் பட்டியலாகக் கொடுத்து ஷெல்லைத் தவிர்ப்பது. இதைச் செய்வதை விட்டுச் சுவிட்சை எடுத்தீர்கள்.

ஒரு காலபோக அறுவடையின்போது, ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டிவிட்டதென்று என் அப்பாவின் மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார்கள். அப்பா மாங்குளத்தில் ஏ9 வீதியோரம் படங்கு விரித்து, மழை மேகத்தைப் பார்த்துப் பார்த்து நெல்லைக் காயவைத்தார். மனம் நொந்தாலும் ஈரமானியை உடைக்கச் சொல்லவில்லை. விவசாயியின் நெல்லை அளக்காமல் வாங்காத நாம், அவருடைய கணக்கை மட்டும் எதையும் பாராமல் கணினிக்குள் விடலாமா?

“பிள்ளைகள்தானே தட்டச்சிடுகிறார்கள், அவர்களையா சந்தேகிக்கிறாய்?” என்று கேட்டது எனக்கு மிகவும் வலித்தது. முல்லைத்தீவுக் கிளையில் இருக்கும் தங்கைமாரை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. தரவு எங்கிருந்து வந்தது என்பதையே அந்தச் சோதனை பார்க்கிறது. யார் நல்லவர் என்பதை அது பார்ப்பதில்லை. வன்னியில் இருக்கும் கணினியை யார் தாக்குவார் என்கிறீர்கள். இணைய முகவரிகளை வரிசையாகத் துழாவும் நிரல்களுக்கு வன்னியும் தெரியாது, கொழும்பும் தெரியாது. பேர்ள் பழைய மொழி என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

டெயின்ட் முறை முழுப் பாதுகாப்பு அன்று என்ற கருத்து உண்மை. வாசிப்பதற்காக மட்டும் கோப்பைத் திறப்பதை அது தடுக்காது, திரையில் அச்சிடுவதையும் தடுக்காது. புள்ளியும் நட்சத்திரமும் போட்டு எதையும் ஏற்கும் ரெஜெக்ஸ் எழுதினால் அது ஏமாந்தும் போகும். ஆனால் 1994இல் பேர்ள் 5 வந்த காலத்திலிருந்தே இருக்கும் ஒரு காவலை, முழுமையானது அல்ல என்பதற்காக வீட்டுக்கு அனுப்புவது எந்த நியாயம்? அதிலும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

நெல் விற்ற காசு வரவில்லையென்று வாசலில் வந்து நிற்பவர்களின் முகத்தை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அவர்களுடைய பெயரும் வங்கிக் கணக்கிலக்கமும் அந்த வழங்கியில்தான் இருக்கின்றன. திருத்திய வரிகளை எழுதி அனுப்பிவிட்டேன். சுவிட்சோடு சேர்த்து அவற்றைப் போடுங்கள். போட மனமில்லையென்றால், நிரலின் தலைப்பிலுள்ள என் பெயரை எடுத்துவிடுங்கள்.