மாக்பெத்தின் கிழவிகளும் 'வியர்டு' என்ற சொல்லும்

2024 ஜூலையில் மினசோட்டா ஆளுநர் டிம் வால்ஸ் ஒரு டிவி பேட்டியில் எதிர்த்தரப்பான குடியரசுக் கட்சிக்காரர்களை 'வியர்டு' (weird) என்றார். அடுத்த சில வாரங்களுக்கு அமெரிக்கத் தேர்தல் களத்தில் அந்தச் சொல்தான் ஓடியது. ஜனநாயகத்துக்கே ஆபத்து என்று தொண்டை வறளக் கத்தியபோது அசையாதவர்கள்கூட, 'ஒரு மாதிரியான ஆளுங்கப்பா' என்றதும் சுருக்கென்று திரும்பிப் பார்த்தார்கள்.

இதே சொல்லை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் கேட்டிருந்தால் இங்கிலாந்துக்காரனுக்கு வயிறு கலங்கியிருக்கும். பழைய ஆங்கிலத்தில் அது பெயர்ச்சொல், பொருள் ஊழ். பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் கிரெண்டல் என்ற அரக்கனோடு மோதப்போகும் நாயகன், ஊழ் எப்படிப் போகணுமோ அப்படித்தான் போகும் என்கிறான். 'ஆகுதல்' என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. வேர் இன்னும் பழையது. திரும்புதல், சுழலுதல் என்று பொருள். நாம் பேச்சுவாக்கில் சொல்லும் வர்த்தமானம்கூட, சமஸ்கிருதம் வழியாக, அந்த வேரிலிருந்து வந்த தூரத்துச் சொந்தம்தான்.

அப்புறம் இங்கிலாந்தில் அந்தச் சொல் மெல்லச் செத்தது. ஸ்காட்லாந்தில் பிழைத்துக் கிடந்தது. 'வியர்டை அனுபவித்துத் தீர்' என்பது அங்கே ஒரு வழக்கு. தலையெழுத்து, அனுபவிச்சுத்தான் ஆகணும் என்று நம் வீடுகளில் சொல்வதேதான்.

மன்னனைக் கொன்று அரியணை ஏறும் ஸ்காட்லாந்துத் தளபதி மாக்பெத்தின் கதை ஷேக்ஸ்பியருக்குக் கிடைத்தது ஹாலின்ஷெட் என்பவரின் வரலாற்று நூலிலிருந்து. அதில் மாக்பெத்துக்கு எதிர்காலம் சொல்ல வரும் 'வியர்டு சகோதரிகள்' விதியின் தேவதைகள் என்று ஹாலின்ஷெட் விளக்கமே எழுதியிருக்கிறார். 1577 பதிப்பின் மரச்செதுக்குப் படத்தில் மூவரும் நன்றாக உடுத்திய, கண்ணியமான பெண்கள். ஷேக்ஸ்பியர் அவர்களுக்குத் தாடி வைத்தார். வற்றிய உதடு, வெடித்த விரல், கந்தல் உடை. மேடையில் பார்த்தவர்களுக்குச் சொல்லின் பழைய பொருள் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்த கோலத்தையே பொருளாக எடுத்துக்கொண்டார்கள். 1623இல் வந்த, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பை அச்சிட்டவர்களுக்கே அந்தச் சொல் பிடிபடவில்லை போல. 'வேவர்டு', 'வேயர்டு' என்று கண்டபடி கோத்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கவிஞர்கள் ஷெல்லியும் கீட்ஸும் அமானுஷ்யமான எதற்கும் அதைப் பயன்படுத்தினார்கள். பிறகு இறக்கம்தான். 1923இல் அமெரிக்காவில் 'வியர்டு டேல்ஸ்' என்று பேய்க்கதைப் பத்திரிகை. இன்று பீட்சாவில் அன்னாசி போட்டால் அதுவும் வியர்டு!

சொல் தேய்ந்ததில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. நாடகம் தேய்ந்ததில்தான் வருத்தம். மூன்று கோரக் கிழவிகள், கொப்பரை, தவளை என்று வகுப்பில் ஆரம்பித்துவிட்டால் மாக்பெத் வெறும் சூனியக் கதை. கிழவிகள் கெடுத்தார்கள், அவன் கெட்டான், சோலி முடிந்தது. ஊழ் சகோதரிகள் என்று படித்துப் பாருங்கள். நடக்கப்போவதைச் சொல்கிறார்களா, சொல்லியே நடக்கவைக்கிறார்களா என்ற சந்தேகம் கடைசி வரை விடாது. முதல் தடவை அவர்கள் வழியில் எதிர்ப்பட்டார்கள், சரி. இரண்டாவது தடவை அவனே தேடிக்கொண்டு போகிறான். அரசனாவாய் என்று சொன்னார்களே தவிர, மன்னன் டங்கனைக் கொல் என்று அந்த மூவரில் ஒருத்திகூட அவனிடம் சொல்லவில்லை.