டிவி பூஸ்டர் போட்டால் கேபிள் நெட் வேகமாகாது

"ராத்திரி கேபிள் நெட் இழுத்தால் மோடத்துக்கு முன்னால் டிவி பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) மாட்டுங்கள், வேகம் இரட்டிப்பாகும்" என்று குன்னூர், கோத்தகிரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறு.

ஒரு நோடில் (ஒரு பகுதி வீடுகளுக்கு ஆபரேட்டரின் கேபிள் பிரியும் இணைப்புப் பெட்டி) உள்ள வீடுகள் எல்லாம் ஒரே சேனல்களைத்தான், அதாவது டேட்டா போகும் அலைவரிசைகளைத்தான், பங்கிட்டுக்கொள்கின்றன. கேபிள் நெட்டுக்கான டாக்சிஸ் 3.0 தரத்தில் 8 மெகாஹெர்ட்ஸ் சேனல் ஒன்றில் சுமார் 50 எம்பிபிஎஸ்தான் வரும். எல்லோரும் வீடியோ பார்க்கும் நேரத்தில் நெரிசல். சேனலைக் கூட்டுவதோ நோடைப் பிரிப்பதோ ஆபரேட்டர் செய்ய வேண்டிய வேலை.

பூஸ்டரால் கெடுதல்தான். சாதாரண டிவி பூஸ்டர் உள்ளே வரும் சிக்னலை மட்டுமே கடத்தும். மோடம் திருப்பி அனுப்பும் 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸ் பாதை அடைபட்டு, மோடம் ஆன்லைனுக்கே வராது. சில மட்டரக பூஸ்டர்கள் இரைச்சலை நோடு வரை ஏற்றி, தெருவுக்கே அப்லோடைக் கெடுக்கும்.

பிரவுசரில் மோடத்தின் முகவரியான 192.168.100.1 போட்டுப் பாருங்கள். டவுன்ஸ்ட்ரீம் பவர் (மோடத்துக்கு வரும் சிக்னலின் பலம்) -7 முதல் +7 டிபிஎம்வி, எஸ்என்ஆர் (இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்ற அளவு) 33 டிபிக்கு மேல் என்றால் லைனில் குறையில்லை. இல்லையென்றால் வெளியே கேபிள் நுனியில் திருகியிருக்கும் எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நம் மலை ஈரத்தில் களிம்பேறியிருக்கலாம். அப்படியிருந்தால் நுனியை வெட்டிப் புதிது போடுங்கள். பிறகு லேன் கேபிளில் காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் வேகம் அளந்து, இரவில் மட்டும் குறைந்தால் அந்த அளவுகளோடு ஆபரேட்டரிடம் புகார் கொடுங்கள்.

பூஸ்டர் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.